பாவம்னா என்ன, ஆன்மீக வளர்ச்சின்னா என்ன: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

பத்து வருஷத்துக்கு மேல ஞாயித்துக்கிழமை கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், முதல்ல சின்னப் பசங்களுக்கு, இப்போ பெரியவங்களுக்கும். நான் சாமியார் (பாதிரியார்) இல்ல, இறையியல் பட்டமும் கிடையாது, படிச்சு ஜெபம் பண்ணி யோசிக்கிற ஒரு சாதாரண விசுவாசி. வகுப்பு முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம் ஒருத்தர் மட்டும் தயங்கித் தயங்கி நிப்பாங்க பாருங்க, அவங்க கேக்குறது பெரும்பாலும் பாவத்தைப் பத்தித்தான் இருக்கும். அந்தக் கேள்விங்களையும், அங்க நின்னு அவசரத்துல சரியா சொல்ல முடியாமப் போன பதில்களையும் இங்க நிதானமா எழுதி வைக்கிறேன்.

பாவம்னா கடவுள் கொடுத்த கட்டளையை மீறுறது. இதுல மறுபடி யோசிக்க என்ன இருக்கு?

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஏழு வயசுல முதல் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியார்கிட்ட போய் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு கேக்குறது, அதுக்கு முந்தின நாள் உக்காந்து லிஸ்ட் எழுதினேன், பொய் நாலு தடவை, அம்மா சொல் பேச்சு கேக்காதது ஆறு தடவைன்னு. எண்ணிக்கை சரியா இல்லன்னா மன்னிப்பு கிடைக்காதோன்னு ராத்திரி தூக்கமே வரல. அந்தக் கணக்கு நோட்டு மனசுக்குள்ள முப்பது வயசு வரைக்கும் திறந்தே இருந்துச்சு.

அதை மூட வச்சது ஒரு வார்த்தைதான். எபிரேய மொழியில பாவத்துக்கு அதிகமா வர்ற சொல் 'ஹாட்டா'. அதே சொல் பழைய ஏற்பாட்டுல நீதித்தலைவர்கள் 20:16ல வேற மாதிரி வருது, அங்க பென்யமின் குலத்துல 700 இடதுகை வீரர்கள், கவண்ல கல்லை வச்சு ஒரு தலைமுடியைக் குறி பார்த்து அடிச்சாலும் தவற மாட்டாங்கன்னு எழுதியிருக்கு, அந்த 'தவற மாட்டாங்க'ங்கிறதுல இருக்குற வினைச்சொல்தான் பாவத்துக்கும். கிரேக்கத்துல 'ஹமார்தியா'வும் அதே கதை, ஹோமர் காவியத்துல எறிஞ்ச ஈட்டி ஆள் மேல படாம போச்சுன்னா அந்த வினைச்சொல்லைத்தான் போடுவார்.

இதைப் படிச்சப்போ எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்ம தமிழ்ச் சொல், 'பிழை'. இப்போ நாம எழுத்துப் பிழை, கணக்குப் பிழைன்னு தப்புங்கிற அர்த்தத்துல மட்டும் சொல்றோம், ஆனா பழைய தமிழ்ல பிழைக்கிறதுன்னா குறி தப்புறதுதான். குறள் 772ல 'யானை பிழைத்த வேல்'னு வருது, யானையைக் குறி வச்சு எறிஞ்சு தப்பிப்போன வேல். காட்டு முயல் மேல சரியா பட்ட அம்பை விட யானையைத் தவறவிட்ட வேலைக் கையில வச்சிருக்கிறதுதான் இனிதுன்னு சொல்றார். அது படைச்செருக்குங்கிற அதிகாரம், வீரர்களுக்கு சொன்னது, பாவத்தைப் பத்தி அங்க பேச்சே இல்ல, அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் எதைக் குறி வச்சு எறியுறேன்கிற கேள்வியை அதுக்கு முன்னாடி என்கிட்ட யாரும் கேட்டதே இல்ல, எத்தனை தடவை தப்புச்சுன்னு மட்டும்தான் கேட்டாங்க.

சட்டம் முக்கியம் இல்லன்னு நான் சொல்லல. சட்டம் குறியைக் காட்டுற கை மாதிரி, குறி அன்புதான், கடவுள்கிட்டயும் பக்கத்துல இருக்குற மனுஷன்கிட்டயும் வைக்கிற அன்பு. இயேசுகிட்ட எது பெரிய கட்டளைன்னு கேட்டப்போ அவர் சொன்னதும் இந்த ரெண்டுதானே.

அப்போ பாவம்கிறது 'சும்மா குறி தப்பிடுச்சு'ன்னு சின்ன விஷயமா ஆயிடாதா?

இந்த பயம் நியாயமான பயம். குறி தப்புச்சுங்கிறதை மட்டும் பிடிச்சுக்கிட்டு, எல்லாமே அறியாம நடந்ததுதான்னு சொல்லி நழுவுறவங்க இருக்காங்க. அதனாலதான் எபிரேயத்துல ஒரே சொல்லோட நிறுத்தல. 'ஆவோன்'னு ஒண்ணு இருக்கு, வளைஞ்சு கோணிப் போனது, 'பெஷா'ன்னு இன்னொண்ணு இருக்கு, தெரிஞ்சே எதிர்த்து நிக்கிறது, துரோகம். திருப்பாடல் 51ஓட ஆரம்ப வரிகள்லயே மூணும் அடுத்தடுத்து வருது. அந்தப் பாட்டைத் தாவீது பத்சேபா விஷயத்துக்கு அப்புறம் பாடினதா அதோட தலைப்பு சொல்லுது, அதாவது இன்னொருத்தன் பொண்டாட்டியை எடுத்துக்கிட்டு அவனையும் போர்க்களத்துல சாகவிட்ட ஆள். அதுக்குப் போய் குறி தப்பிடுச்சுன்னு சொன்னா கேக்குறவங்களுக்கே பொறுக்காது.

ஒரு மனுஷன் கோபத்துல வாய்தவறி ஒரு வார்த்தை சொல்லிடுறான், அது குறி தப்பினது. இருபது வருஷமா அதே வீட்டுல அதே குரல்ல பேசிப் பேசி அவன் குரலே அப்படி ஆயிடுச்சுன்னா அது வளைஞ்சது. வலிக்கும்னு தெரிஞ்சே, வலிக்கணும்னே பேசுறான்னா அது துரோகம். மூணுக்கும் ஒரே மருந்து கிடையாது, ஆனா நாம மூணையும் 'கோபப்பட்டேன், அஞ்சு தடவை'ன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிடுறோம். கணக்கு நோட்டோட பெரிய குறை பாவத்தை ரொம்பப் பெரிசாக்குறதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, உண்மையில அது பாவத்தைச் சின்னதாக்கிடுது.

பொறக்கும்போதே பாவத்தோடதான் பொறக்குறோமா? ஒரு கைக்குழந்தை என்ன தப்பு பண்ணுச்சு?

ஒண்ணும் பண்ணல. இதை ஒரு அம்மா அழுதுக்கிட்டே கேட்டாங்க, அதனால முதல்லயே சொல்லிடுறேன், அந்தக் குழந்தை எந்தத் தப்பும் பண்ணல.

ஜென்ம பாவம்ங்கிற போதனைக்கு இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச வடிவத்தைக் கொடுத்தவர் புனித அகுஸ்தீன், 354ல இருந்து 430 வரைக்கும் வாழ்ந்தவர். மனுஷன் சொந்த முயற்சியிலயே நல்லவனாக முடியும்னு சொன்ன பெலாஜியுஸ் கூட அவருக்குப் பெரிய வாக்குவாதம், 418ல கார்த்தேஜ்ல கூடின பிஷப்புகளோட சங்கம் பெலாஜியுஸ் கருத்தைக் கண்டிச்சுது. இதுல ஒரு மொழிபெயர்ப்பு விஷயமும் இருக்கு. அகுஸ்தீன் படிச்ச லத்தீன் பிரதியில உரோமையர் 5:12, ஆதாமைச் சொல்லி 'அவனுக்குள்ள எல்லாரும் பாவம் செஞ்சாங்க'ன்னு படிக்கிற மாதிரி இருந்துச்சு, கிரேக்க மூலத்தைப் பெரும்பாலான அறிஞர்கள் 'எல்லாரும் பாவம் செஞ்சதால'ன்னுதான் வாசிக்கிறாங்க. கிழக்குத் திருச்சபைகள் கிரேக்கத்துலயே படிச்சதாலயோ என்னவோ, ஆதாமோட குற்றப்பழி நம்ம மேல வருதுன்னு அவங்க சொல்றதில்ல, சாவும் பலவீனமும் பரம்பரையா வருதுன்னு சொல்றாங்க.

நம்ம கத்தோலிக்கத் திருச்சபையோட 1992 மறைக்கல்வி நூலும் 404, 405ஆம் எண்கள்ல இதைத் தெளிவாத்தான் சொல்லுது, ஜென்ம பாவம் நாம செஞ்ச செயல் கிடையாது, வந்து சேர்ந்த ஒரு நிலைமை, யாரோட தனிப்பட்ட குற்றமும் கிடையாதுன்னு. ஆனா மேடையில இருந்து பேசும்போது இந்த வித்தியாசம் காணாமப் போயிடுது, குழந்தையே குற்றவாளிங்கிற மாதிரி ஆயிடுது. காயத்தோட பொறந்த ஒருத்தரைப் பார்த்தா நாம என்ன பண்ணுவோம், மருந்து தேடுவோம், கேஸ் போட மாட்டோம்ல.

கெட்ட எண்ணம் மனசுல வந்தாலே பாவமா?

எண்ணம் வர்றது உங்க கையில இல்ல. நான்காம் நூற்றாண்டுல எகிப்து பாலைவனத்துல வாழ்ந்த எவாக்ரியுஸ்னு ஒரு துறவி எட்டு கெட்ட எண்ணங்களை வரிசையா எழுதி வச்சார், சாப்பாட்டு ஆசை, காமம், பண ஆசை, துக்கம், கோபம், ஒருவித மனச்சோர்வு, வீண் பெருமை, அகங்காரம். அவர் அதுக்கு வச்ச பேர் 'எண்ணங்கள்', பாவங்கள் இல்ல. இதெல்லாம் நம்மளைத் தொந்தரவு பண்றது நம்ம கையில இல்ல, அது தங்குறதும் தங்காததும்தான் நம்ம கையிலன்னு சொல்லியிருக்கார். ரெண்டு நூற்றாண்டு கழிச்சு போப் பெரிய கிரகோரி இதை மாத்தி அடுக்கினதுல இருந்துதான் நமக்குத் தெரிஞ்ச ஏழு தலையான பாவங்கள் வந்துச்சு. ஒரு வைத்தியன் நாடி பார்க்க எழுதி வச்ச குறிப்பு காலப்போக்குல குற்றப் பட்டியல் ஆயிடுச்சுன்னு எனக்குத் தோணும்.

அந்த எட்டுல மனச்சோர்வைப் பத்தி அவர் எழுதினது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மத்தியான வெயில்ல ஒரு துறவிக்கு சூரியன் நகரவே மாட்டேங்குது, நாளுக்கு அம்பது மணி நேரம் இருக்குற மாதிரி தோணுது, ஜன்னலையே பார்க்கிறார், இந்த இடம் பிடிக்கல, இங்க யாருக்கும் என்மேல அன்பு இல்ல, வேற எங்கயாவது போயிட்டா நல்லா இருக்கும்னு நினைக்கிறார். ஃபோனைக் கையில வச்சுக்கிட்டு ஒரு வேலையும் ஓடாம உக்காந்திருக்கும் மத்தியானம் எனக்கு அவர் ஞாபகம் வரும், ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் இதே மாதிரி உக்காந்திருக்கார், அதைத் திட்டாம கவனிச்சு எழுதியிருக்கார்னு நினைச்சா பாதி பாரம் இறங்கிடும்.

எது பாவம்ங்கிற லிஸ்ட் காலத்துக்குக் காலம் மாறுமா?

மாறியிருக்கு, அதை மறைக்கிறதுல அர்த்தம் இல்ல. 1179ல மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையா வட்டிக்குக் கொடுக்கிறவங்களுக்கு கிறிஸ்தவ அடக்கம் கூட கிடையாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. இன்னிக்கு பேங்க்ல டெபாசிட் போட்டு வட்டி வாங்குறதை யாரும் பாவசங்கீர்த்தனத்துல சொல்றதில்ல. அடிமை முறை இதுக்கு நேர் எதிர். 1866ல கூட ரோம்ல இருந்து போன ஒரு அதிகாரபூர்வ பதில், அடிமைமுறை இயற்கைச் சட்டத்துக்கு முரண்னு சொல்ல முடியாதுன்னு எழுதுச்சு, அப்புறம் 1965ல இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை மனுஷ மாண்புக்கு எதிரான கேவலங்கள் வரிசையில வச்சுது. நடுவுல நூறே வருஷம்தான்.

இதைப் படிச்சா சிலருக்கு, அப்போ எதுவுமே நிலையில்லையான்னு ஆயிடும். எனக்கு வேற பயம் வருது. அன்னிக்கு தினமும் ஜெபம் பண்ணி, உபவாசம் இருந்து, சின்னப் பொய்க்குக் கூட வருத்தப்பட்டு, வீட்டுல ஒரு மனுஷனை விலைக்கு வாங்கி வச்சிருந்தவங்க இருந்தாங்க, அவங்க நோட்டுல அந்த வரியே இல்ல. இன்னிக்கு என் நோட்டுல இல்லாத வரி எது? என் வசதிக்காக யாரோ கண்ணுக்குத் தெரியாம கஷ்டப்படுறாங்களே, அது எங்க எழுதியிருக்கு? நல்லது எதுன்னு தெரிஞ்சும் செய்யாம விடுறது பாவம்னு யாக்கோபு 4:17 சொல்லுது, என் சின்ன வயசு லிஸ்ட்ல செஞ்சதுங்க மட்டும்தான் இருந்துச்சு, செய்யாம விட்டது ஒண்ணு கூட இல்ல.

எனக்கு வந்த வியாதி, வீட்டுல நடந்த சாவு, இதெல்லாம் என் பாவத்துக்கு தண்டனையா?

இல்ல. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருத்தரைக் காட்டி, இவன் செஞ்ச பாவமா, இவனைப் பெத்தவங்க செஞ்ச பாவமான்னு சீடர்கள் கேட்டாங்க, ரெண்டும் இல்லன்னு இயேசு சொன்னார், யோவான் 9ல இருக்கு. யோபு புத்தகம் முழுக்க, எல்லாத்தையும் இழந்து நிக்கிற யோபுகிட்ட நண்பர்கள் வந்து, நீ என்னமோ பண்ணியிருக்கே, ஒத்துக்கோன்னு அழுத்துறாங்க, கடைசியில கடவுள் கண்டிச்சது அந்த நண்பர்களைத்தான்.

துக்க வீட்டுல நின்னுக்கிட்டு எந்தப் பாவமோன்னு பேசுறவங்களை நான் இப்பல்லாம் நேரடியா நிறுத்திடுறேன், மரியாதை பார்க்கிறதில்ல.

பாவசங்கீர்த்தனம் பண்ணியும் குற்ற உணர்ச்சி போகவே மாட்டேங்குது. சரியா சொன்னேனா, எதையாவது விட்டுட்டேனான்னு திரும்பத் திரும்ப தோணுது. என்ன பண்றது?

இதை ரொம்பப் பொறுமையா படிங்க. இதுக்குப் பழைய ஆன்மீக நூல்கள்லயே ஒரு பேர் இருக்கு, 'ஸ்குரூப்பிள்', லத்தீன்ல கூரான சின்னக் கல்லுன்னு அர்த்தம், செருப்புக்குள்ள மாட்டிக்கிட்ட கல் மாதிரி ஒவ்வொரு அடிக்கும் குத்தும். இயேசு சபையைத் தொடங்கின புனித இஞ்ஞாசியாருக்கு 1522ல ஸ்பெயின்ல மன்ரேசா ஊர்ல இருக்கும்போது இது வந்துச்சு. எல்லாப் பாவத்தையும் எழுதிக் கொடுத்து சங்கீர்த்தனம் பண்ணினார், தீரல, ஒரு வாரம் சாப்பிடாம இருந்தார், தீரல, தன்னையே மாய்ச்சுக்கலாமான்னு கூட எண்ணம் வந்துச்சு. கடைசியில பழைய பாவங்களை இனிமே மறுபடி சங்கீர்த்தனத்துல சொல்றதில்லன்னு முடிவெடுத்தார், அங்கதான் விடுதலை வந்துச்சு. இன்னும் நல்லா அலசிப் பார்த்ததால வரல, அலசுறதை நிறுத்தினதால வந்துச்சு.

இன்னிக்கு மருத்துவத்துல இதை ஓசிடியோட (ஒரே எண்ணமும் செயலும் விடாம திரும்பத் திரும்ப வர்ற மனநோய்) ஒரு வடிவமா பார்க்கிறாங்க, பக்தி உருவத்துல வர்ற ஓசிடி. அதுக்கு சிகிச்சை இருக்கு, மருந்தும் இருக்கு, பயத்தை எதிர்கொள்ளப் பழக்குற தெரபியும் இருக்கு. டாக்டர்கிட்ட போறது விசுவாசக் குறைவு இல்லவே இல்ல. தயவுசெய்து போங்க, கூடவே எப்பவும் ஒரே சாமியார்கிட்ட மட்டும் போங்க, ஆள் மாத்தி மாத்தி உறுதி கேக்குறதும் அந்த வியாதிக்குத் தீனி போடுறதுதான். தன்னை மாய்ச்சுக்கிற எண்ணம் உங்களுக்கு வருதுன்னா நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னிக்கே நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லி அவங்களைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இந்த அளவுக்கு இல்லாதவங்களுக்கு ஒரு விஷயம். 'நான் தப்பு பண்ணிட்டேன்'ங்கிறதும் 'நானே தப்பு'ங்கிறதும் வேற வேற. ஜூன் டாங்னிங்கிற உளவியல் ஆய்வாளரும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினதுல, முதல் உணர்வு இருக்குறவங்க போய் சரி பண்ணப் பார்க்கிறாங்க, ரெண்டாவது உணர்வு இருக்குறவங்க ஒளியுறாங்க, இல்ல மத்தவங்க மேல பழி போடுறாங்கன்னு கண்டாங்க. தோட்டத்துல ஆதாம் செஞ்சது இதேதான், முதல்ல மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சான், அப்புறம் 'இவதான் கொடுத்தா'ன்னான்.

மத்த மார்க்கங்கள்ல இதை எப்படிப் பார்க்கிறாங்க?

நான் வெளியில நின்னு பார்க்கிறவன், அதனால சுருக்கமா. யூதர்கள் சொல்ற 'தெஷுவா', இஸ்லாம்ல 'தவ்பா', ரெண்டுக்கும் அடியில இருக்குற அர்த்தம் திரும்பி வர்றது. பௌத்தத்துல ஒரு செயலோட கனம் அதுக்குப் பின்னாடி இருக்குற எண்ணத்துலதான், புத்தர் எண்ணத்தையே வினைன்னு சொன்னதா பாலி நூல்கள்ல இருக்கு. சைவ சித்தாந்தத்துல ஆணவம், கன்மம், மாயைன்னு மூணு மலம், அதுல ஆணவத்தைச் செம்புல இருக்குற களிம்பு மாதிரின்னு சொல்வாங்க, செம்பு இருக்குற காலத்துல இருந்தே களிம்பும் கூடவே இருக்கு, ஆனா களிம்பு செம்பு ஆயிடாது. நான் ஒரு கிறிஸ்தவனா ஜென்ம பாவத்தைப் பத்தி யோசிக்கும்போது இந்தக் களிம்பு உவமை எனக்கு நிறைய வெளிச்சம் கொடுத்திருக்கு.

மனந்திரும்புறதுன்னா அழுது புலம்புறதா?

நம்ம மொழிபெயர்ப்பாளர்கள் ரொம்ப அழகான சொல்லைப் போட்டிருக்காங்க, மனம் திரும்புறது. கிரேக்கத்துல 'மெத்தனோயா', மனசே மாறுறது, பார்க்கிற விதம் மாறுறது. லத்தீன்ல அது தவம் செய்யுங்க, பரிகாரம் செய்யுங்கன்னு புரிஞ்சுக்கிற மாதிரி போச்சு, 1516ல எராஸ்மஸ்ங்கிற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சடிச்சப்போ இந்த வித்தியாசம் படிச்சவங்க மத்தியில பெரிய பேச்சாச்சு. அடுத்த வருஷம், பின்னால புராட்டஸ்டண்ட் சபைகள் பிரியக் காரணமான லூத்தர் எழுதின 95 கருத்துகள்ல முதல் கருத்தே, விசுவாசியோட வாழ்க்கை முழுக்கவே மனந்திரும்புதலா இருக்கணும்கிறதுதான். நான் கத்தோலிக்கன், அவர் சொன்ன எல்லாத்தையும் ஏத்துக்கல, ஆனா இந்த ஒண்ணுல அவர் சொன்னது சரின்னு மனசார சொல்வேன்.

அழுகை வந்தா வரட்டும், வரலன்னா பரவாயில்ல. அழுதுட்டு அதே திசையில நடக்கிறவங்களும் இருக்காங்க, கண்ணுல ஒரு சொட்டு இல்லாம திரும்பி நடக்கிறவங்களும் இருக்காங்க.

அதே பாவத்தைத் திரும்பத் திரும்ப செய்றேன். அப்போ நான் வளரவே இல்லையா?

எல்லாத்தையும் விட இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம், ஏன்னா இதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஜெபத்தையே விட்டுட்டுப் போயிட்டாங்க.

நாம வளர்ச்சின்னா படிக்கட்டுன்னு நினைக்கிறோம், ஏறிட்டா இறங்கக் கூடாது. நான்காம் நூற்றாண்டுல நிஸ்ஸா நகரத்து கிரகோரி மோசேயோட வாழ்க்கையைப் பத்தி எழுதும்போது வேற மாதிரி சொன்னார், கடவுள் எல்லையில்லாதவர், அதனால அவரை நோக்கிப் போறவனுக்கும் முடிவே கிடையாது, நிறைவுங்கிறதே தொடர்ந்து முன்னால போய்க்கிட்டே இருக்கிறதுதான்னு. பிலிப்பியர் 3:13ல பவுல் முன்னால இருக்கிறதை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டுறேன்னு சொல்றாரே, அந்த நீட்டுற கையை வச்சுத்தான் கிரகோரி யோசிச்சார். இதை ஏத்துக்கிட்டா, இன்னும் போய்ச் சேரலங்கிறதே தோல்விங்கிற எண்ணம் உடைஞ்சிடும்.

அப்போ வளர்றேனா இல்லையான்னு எதை வச்சுப் பார்க்கிறது? என் அனுபவத்துல சில விஷயம் சொல்றேன், இது போதனை இல்ல. விழுந்ததுக்கும் திரும்புறதுக்கும் நடுவுல இருக்குற நேரம் குறையுதா? முன்னாடி யார் மேலயாவது கோபப்பட்டா மூணு வாரம் பேச மாட்டேன், அப்புறம் அது மூணு நாளாச்சு, இப்போ பெரும்பாலும் அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள போய் நின்னுடுறேன். கோபத்தை எண்ணினா அதே எண்ணிக்கைதான் இருக்கும், நோட்டுல பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனா என் வீட்டுல இருக்குறவங்களைக் கேட்டா வேற மனுஷன்னு சொல்வாங்க. அடுத்தது, காரணம் சொல்றது குறையுதா, 'நீ அப்படிப் பேசினதாலதான் நான்'னு ஆரம்பிக்கிற வாக்கியம் குறையுதா. இன்னொண்ணு, யாரும் பார்க்காத இடத்துல நான் எப்படி இருக்கேன்.

சிலர் பாவமே செய்யாம இருக்குறதுக்காக வாழ்க்கையைச் சுருக்கிக்கிட்டே போறதையும் பார்த்திருக்கேன். யார்கிட்டயும் பழகினா சண்டை வரும்னு பழக மாட்டாங்க, பொறுப்பு எடுத்தா தப்பு வரும்னு எடுக்க மாட்டாங்க, அவங்க நோட்டு சுத்தமா இருக்கும், முயல் மேல எல்லா அம்பும் சரியா பட்டிருக்கும். வயசான, மனநிலை சரியில்லாத அப்பாவைத் தனியா பார்த்துக்கிற ஒரு பொண்ணு, வாரத்துல நாலு நாள் அவர்கிட்ட கத்திடுறேன்னு என்கிட்ட அழுதாங்க. அந்த நாலு நாளும் குறி தப்பினதுதான், நான் இல்லன்னு சொல்ல மாட்டேன், கத்துறது அந்த மனுஷனுக்கு வலிக்கும். ஆனா அவங்க கையில இருக்கிறது யானை பிழைத்த வேல். அவங்களுக்குத் தேவை இன்னொரு உபதேசம் இல்ல, வாரத்துல ரெண்டு நாள் வந்து அவங்க அப்பா பக்கத்துல உக்காந்துக்க ஒரு ஆள்.

மத்தவங்க பாவம் செய்றதைப் பார்த்தா எப்படி எடுத்துக்கிறது?

நாம தமிழ்ல ஒரு சொல்லை ரெண்டு இடத்துல சொல்றோம், கவனிச்சிருக்கீங்களா. 'அவன் பாவம் பண்ணிட்டான்'னும் சொல்றோம், 'ஐயோ, அவன் பாவம்'னும் சொல்றோம். ஒரே சொல், ஒரு இடத்துல குற்றம், இன்னொரு இடத்துல இரக்கம். எங்க தப்பு நடந்துச்சோ அங்கயே மனசு இளகவும் நம்ம மொழி இடம் விட்டு வச்சிருக்குன்னு நான் எடுத்துக்கிறேன். அதுக்காகப் பாதிக்கப்பட்டவங்ககிட்ட போய் 'அவன் பாவம், விட்டுடு'ன்னு சொல்றது மட்டும் கூடாது. அடிபட்டவங்க பக்கத்துலதான் முதல்ல நிக்கணும், தப்பு பண்ணினவன் சட்டத்துக்குப் பதில் சொல்லணும்னா சொல்லித்தான் ஆகணும்.

கடவுள்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சு. அந்த ஆள்கிட்டயும் போய் கேக்கணுமா?

கேக்கணும். காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன் மேல மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையைப் பீடத்து முன்னாடியே வச்சிட்டுப் போய் முதல்ல சமாதானம் ஆகுன்னு மத்தேயு 5:23, 24ல இருக்கு. இயேசுவைச் சந்திச்சு மனம் மாறின வரி வசூல்காரர் சக்கேயு வெறும் ஸாரி சொல்லல, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னார். யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் இதையேதான் சொல்லுது, கடவுளுக்கு எதிரான தப்பைப் பாவப்பரிகார நாள் தீர்க்கும், அடுத்தவனுக்குச் செஞ்ச தப்பை அவனைச் சமாதானப்படுத்துற வரைக்கும் அந்த நாளும் தீர்க்காது. பன்னிரண்டாம் நூற்றாண்டுல மைமோனிடஸ்ங்கிற யூத அறிஞர் இன்னும் ஒரு படி போய், அதே சந்தர்ப்பம், அதே வாய்ப்பு மறுபடி வந்து அப்பவும் அதைச் செய்யாம விட்டா அதுதான் முழுமையான மனந்திரும்புதல்னு எழுதினார்.

இது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது. ஒரு நெருங்கின சிநேகிதன் நம்பி என்கிட்ட சொன்ன ஒரு குடும்ப விஷயத்தை நான் நாலு பேர் இருக்குற இடத்துல சொல்லிட்டேன். அது அவன் காதுக்குப் போச்சு, வீட்டுல பிரச்சினை ஆச்சு. அந்த வாரமே பாவசங்கீர்த்தனம் பண்ணினேன், மனசு லேசாச்சு, அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டு நாலு வருஷம் அவனைப் பார்க்காம ஒதுங்கியே இருந்தேன். மன்னிப்பு வாங்கிட்டேன்னு நான் நிம்மதியா தூங்கின அந்த நாலு வருஷமும் அவன் அந்தக் காயத்தோடதான் தூங்கியிருக்கான்.

கேட்டும் அவங்க மன்னிக்கலன்னா?

மன்னிக்கிறது அவங்க உரிமை, அதை நாம கடன் மாதிரி வசூல் பண்ண முடியாது. 'நான் கேட்டுட்டேன், நீ கிறிஸ்தவன்தானே, மன்னிச்சுத்தான் ஆகணும்'னு வசனத்தைக் காட்டுறது அடுத்த பாவம்.

நான் அவன்கிட்ட போனப்போ என்ன சொன்னேன், யார் யார் முன்னாடி சொன்னேன்னு மறைக்காம சொன்னேன், எந்தக் காரணமும் சொல்லல. அந்த நாலு பேரையும் தனித்தனியா பார்த்து, நான் பேசினது தப்புன்னு சொல்லிட்டுத்தான் அவன் வீட்டுக்கே போனேன். அவன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் 'வந்து சொன்னதுக்கு நன்றி, ஆனா பழைய மாதிரி என்னால இருக்க முடியாது'ன்னான். சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்போ எங்கயாவது எதிர்ல பார்த்தா தலையை ஆட்டுவான், நானும் ஆட்டுவேன். அதுக்கு மேல நான் எதுவும் கேக்குறதில்ல, யார் என்கிட்ட நம்பி எதைச் சொன்னாலும் அது என்னோடயே நிக்குது.